டிண்டிங்ஸ் கரைக்குச் சென்ற வழிகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அதனை ஆண்டோரின் பெயர்வரிசையைக் கொண்டு அறிவது ஒரு முறை. அந்நாட்டின் சாலைகளும் இருப்புப்பாதைகளும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று நோக்கி அறிவது மற்றொரு முறை. முதல் முறையில் மன்னரும் அதிகாரிகளுமே நம் கண்ணில் படுவர். இரண்டாம் முறையிலோ பாதையை வெட்டியவன் யார், அப்பாதையில் ஏற்றிச் செல்லப்பட்ட பொருள் யாது, அதில் பயணம் செய்ய உரிமையும் வசதியும் பெற்றிருந்தோர் எவர் என்னும் வினாக்கள் தாமே எழும். பேராக் மாநிலத்துத் தமிழர் வரலாற்றைப் பயில விரும்புவோர்க்கு இந்த இரண்டாம் முறை பெரிதும் பயன்படும்.

இக்கட்டுரை ஒரு சிறு கடற்கரைப் பகுதியை எடுத்துக்கொள்கிறது. லூமுட் துறைமுகப் பட்டணமும், அதற்கு எதிரே கடலில் அமைந்த பங்கோர்த் தீவும், சித்தியவானைச் சூழ்ந்த நிலப்பரப்பும் முன்னர் டிண்டிங்ஸ் என்னும் பெயரால் வழங்கின. இன்று அப்பகுதி மஞ்சோங் மாவட்டத்தில் அடங்கும். விடுமுறைக் காலத்தில் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் மக்கள் திரளாகச் செல்லும் இடம் அது. ஈப்போவிலிருந்து லூமுட் ஏறத்தாழ 84 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. எனினும் கிந்தாப் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு அக்கரை நெடுங்காலம் எட்டாத் தொலைவாகவே இருந்தது. அதன் காரணத்தையும், அத்தொலைவு எவ்வாறு சுருங்கிற்று என்பதையும் காண்பதே நம் நோக்கம்.

கொடிகள் இரண்டு, எல்லை ஒன்று

டிண்டிங்ஸ் பகுதிக்கு உலக வரலாற்றில் இடந்தந்தது 1874ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையாகும். பேராக் அரியணையைப் பற்றிய பூசலும், லாருட் ஈயவயல்களில் கீ ஹின், ஹாய் சான் என்னும் சீனர் குழுக்களிடையே மூண்ட போரும் ஆங்கிலேயர் தலையிட வாய்ப்பளித்தன. ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் தலைமையில், பங்கோர்த் தீவையடுத்து நின்ற புளூட்டோ என்னும் கப்பலில் உடன்படிக்கை நிறைவேறியது. ராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். அவருக்கு ஆலோசனை கூற ஓர் ஆங்கிலேய ரெசிடெண்டு அமர்த்தப்படுவார் என்றும் முடிவாயிற்று. முதல் ரெசிடெண்டான பர்ச், 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர்.

அவ்வளவாக அறியப்படாத செய்தி ஒன்றுண்டு. 1826ஆம் ஆண்டு உடன்பாட்டால் ஆங்கிலேயர்க்கு உரியதாகக் கருதப்பட்ட பங்கோரும், அதனை அடுத்த பெருநிலத்துக் கரையும் இந்த உடன்படிக்கையால் அவர்கள் கையில் உறுதியாக வந்து சேர்ந்தன. டிண்டிங்ஸ், பேராக்கின் பகுதியாக இல்லாமல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றைப் போல நீரிணைக் குடியேற்ற நாடுகளின் ஆட்சிக்குள் வைக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அது பேராக்கிடம் திரும்பியது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஈப்போவும் லூமுட்டும் வெவ்வேறு ஆட்சிகளின்கீழ் இருந்தன. ஈப்போ இருந்த கூட்டு மலாய் நாடுகளுக்கு ஒரு கருவூலம்; லூமுட் இருந்த குடியேற்ற நாட்டுக்கு வேறொரு கருவூலம். இரண்டையும் இணைக்கும் பாதையமைப்பில் இருசாராரும் பேரார்வம் கொள்ளாமல் இருந்திருப்பின் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஈயம் சென்ற வழி

பேராக்கில் முதன்முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு சூன் முதல் நாள் திறக்கப்பட்டது. அது தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு என்னும் கடற்றுறைக்குச் சென்றது. ஏறக்குறைய 8 மைல் நீளமுள்ள அப்பாதைதான் தீபகற்பத்தின் முதல் இருப்புப்பாதை. அதனை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவினர் வருவிக்கப்பட்டனர். போர்ட் வெல்டு இன்று கோல செப்பெத்தாங் எனப்படுகிறது. இருப்புப்பாதை மறைந்துவிட்டது, ஆயினும் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை ஒன்று அங்கே நிலைத்து நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்திலும் அவ்வூர்ப் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இந்நாட்டு இருப்புப்பாதையில் தமிழர்க்கிருந்த பங்கை அறிய நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. அப்பலகையைக் கண்டாலே போதும்.

இரண்டாவது வழி கிந்தாவின் ஈயத்திற்காக அமைந்தது. தெலுக் ஆன்சன் துறைமுகத்திலிருந்து 1893இல் தாப்பா ரோடு வரை வந்த இருப்புப்பாதை 1895இல் ஈப்போவை அடைந்தது. 1982இல் தெலுக் இந்தான் எனப் பெயர் மாற்றம் பெற்ற அப்பட்டணம் பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ளது. பின்னர் 1900இல் காராயில் விக்டோரியாப் பாலம் பேராக் ஆற்றின்மீது கட்டி முடிக்கப்பட்டது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் தொடர்ச்சியாக ஓடிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈப்போவிலிருந்து துரோனோ ஈயவயலுக்கும் ஒரு கிளைப்பாதை சென்றது.

இப்பாதைகளை நிலப்படத்தில் வரைந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொன்றும் ஈயம் தோண்டும் வயலில் தொடங்கி, ஈயம் ஏற்றும் துறையில் முடிகிறது. லாருட்டுக்குப் போர்ட் வெல்டு. கிந்தாவுக்குத் தெலுக் ஆன்சன். டிண்டிங்ஸ் கரையில் நல்ல ஆழமுள்ள இயற்கைத் துறைமுகம் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் அத்தகைய ஈயவயல் இல்லை. எனவே புகைவண்டி லூமுட்டுக்குச் செல்லவே இல்லை. துரோனோவரை மேற்கு நோக்கி வந்த தண்டவாளமும் அங்கேயே நின்றது. பொருள் போகாத இடத்திற்கு மனிதர் போகவேண்டும் என்று அந்நாளைய ஆட்சி கருதவில்லை.

ஆகவே டிண்டிங்ஸ் கரைக்கு இயல்பான வாயில் கடலாகவே இருந்தது. பினாங்கிலிருந்து தெலுக் ஆன்சன் செல்லும் கடலோர நீராவிக் கப்பல்களின் வழியில் அக்கரை அமைந்திருந்தது. 1903இல் சீனாவின் பூச்சோ பகுதியிலிருந்து மெதடிஸ்டுத் திருச்சபையின் ஏற்பாட்டில் சித்தியவானில் குடியேறியவர்களும் கடல்வழியே வந்து, காடு திருத்தி, பின்னர் இரப்பர் பயிரிட்டனர். அதே கடல் பங்கோரில் மீன்பிடித் தொழிலை வளர்த்தது. கரையில் வாழ்ந்தோர் பினாங்கை அறிந்த அளவுக்கு ஈப்போவை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நெய்தலிலிருந்து வந்து நெய்தலை மறந்தோர்

இனித் தோட்டத் தமிழரைக் காண்போம். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த இரப்பர்க் கன்றுகளுள் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டித் தொழில் பெருகவே, பேராக்கெங்கும் பால்மரம் பரவியது. சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா, பீடோர், சுங்காய், பாகான் டத்தோ, சித்தியவான் ஆகிய வட்டாரங்களில் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் வழியாகத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஆள்கள் திரட்டப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, தொற்றுத் தடுப்பு முகாமில் தங்கி, பின் புகைவண்டியில் உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்னும் கப்பலின் பெயரை முதியோர் இன்றும் மறவார்.

இங்கு ஒரு முரணை எண்ணிப்பார்த்தல் வேண்டும். தமிழ் இலக்கணம் கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று வகுத்தது. அந்தத் திணையை உடைய மொழியைப் பேசியோர் வங்கக் கடலைக் கடந்தே இந்நாட்டுக்கு வந்தனர். வந்தபின் தோட்டத்தில் வாழ்ந்த அவர்களுள் பெரும்பாலோர் பல ஆண்டுகள் கடலைக் காணாமலே இருந்தனர். பெரட்டுக் களம், நிரை, பால் கொட்டகை, லயம் என்னும் எல்லைக்குள் அவர்கள் வாழ்க்கை முடிந்தது. தோட்டத்துச் செம்மண் சடக்கு பெருஞ்சாலையைத் தொடும் இடமே பலருக்கு உலகின் விளிம்பாக இருந்தது.

இதற்குக் காரணம் தொலைவு அன்று. கூலியும் ஓய்வும் இல்லாமையே காரணம். முக்கியத் தோட்டப் பகுதிகளில் 1929ஆம் ஆண்டளவில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. உலகப் பொருளாதார மந்தத்தின்போது அது 28 காசும் 24 காசுமாக வீழ்ந்தது. பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை என்னும் நிலையில், கடற்கரைக்கு ஒருநாள் செல்வதென்றால் வண்டிக் கட்டணம் ஒரு செலவு. இழக்கும் கூலி இரண்டாம் செலவு. இரண்டையும் தாங்கக்கூடிய குடும்பம் அரிது.

அதே காலத்தில் துரைமார்க்கு இந்நிலை இல்லை. வெப்பம் மிகும்போது அவர்கள் தைப்பிங்கை அடுத்த மாக்ஸ்வெல் மலைக்கு ஏறினர். கடற்காற்று வேண்டுமாயின் மோட்டார் வண்டியில் கரைக்குச் சென்றனர். பிரிட்டனில் தொழிலாளர்க்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை வழங்கும் சட்டம் 1938இல் நிறைவேறியது. அந்நாட்டில் புகைவண்டி நிறுவனங்கள் குறைந்த கட்டணத்தில் தொழிலாளரைக் கடற்கரை நகரங்களுக்கு ஏற்றிச்செல்வது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கமாகியிருந்தது. அதே 1938இல்தான் கூலிக்குறைப்பு முதலிய காரணங்களால் இந்திய அரசு மலேயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. ஒரே பேரரசின் குடைக்கீழ் ஒரு பகுதித் தொழிலாளி கடற்கரைக்கு விடுமுறைச் சீட்டுப் பெற்றான். மற்றொரு பகுதித் தொழிலாளியின் கூலி, அவன் தாய்நாடு கடல்வழியையே மூடும் அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. பயணத்தின் வரலாறு கூலியின் வரலாற்றோடு பிணைந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆறும் போரும் அவசரகாலமும்

ஈப்போவிலிருந்து கரைக்குச் செல்லும் சாலை மேற்கே சென்று பேராக் ஆற்றைக் கடந்தாக வேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாறு மாநிலத்தை இரண்டாகப் பிளந்து ஓடுகிறது. ஆற்றின் கிழக்கே கிந்தாவின் ஈயமும் புகைவண்டியும். மேற்கே வயலும் தோப்பும் கடற்கரையும். கோலகங்சாரில் இஸ்கந்தர் பாலம் 1932இல் திறக்கப்பட்டது பெருஞ்செய்தியாக இருந்தது. பாலம் இல்லாத துறைகளில் ஓடமும் மிதவையுமே துணை. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பயணம் நின்றுபோகும். ‘ஆற்றுக்கு அக்கரை’ என்னும் தொடர் தொலைவைக் குறிக்கும் மரபுத்தொடராக நம் பேச்சில் நிலைத்ததன் பொருளை இத்தகைய இடங்களில்தான் உணர முடியும்.

1941 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சி நடந்தது. தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். அவர்கள் வாழ்நாளில் செய்த மிக நீண்ட புகைவண்டிப் பயணம் அதுவாகவே அமைந்தது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் கனக்கும்.

போர் முடிந்து மூன்றாண்டுகளுக்குள் மற்றொரு தடை வந்தது. 1948 சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஆங்கிலேயத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960வரை நீடித்தது. அடையாள அட்டை, ஊரடங்கு, சாலைச் சோதனை, உணவுப் பொருள் கட்டுப்பாடு ஆகியவை வந்தன. கிந்தாவும் சித்தியவானும் அவசரகாலத்தின் கடுமையை நன்கறிந்த வட்டாரங்கள். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்தில் உள்ள உறவினரைக் காணச் செல்வதே அரிதாயிருந்த காலத்தில் கடற்கரைப் பயணம் பற்றிப் பேசுவதற்கு இடமேது?

தெய்வம் திறந்த வழி

இத்தனை தடைகளுக்கிடையே தோட்டத் தமிழரைப் பங்கோர்க் கரைக்கு அழைத்துச் சென்றது யாது? அது விடுமுறை வேட்கை அன்று, வழிபாடே ஆகும். பங்கோர்த் தீவின் கீழ்க்கரையில், சுங்கை பினாங் கெச்சில் என்னுமிடத்தில், ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம் கடலை நோக்கி அமைந்துள்ளது. மாசிமக விழாவின்போது பேராக்கிலிருந்து மட்டுமன்றிப் பிற மாநிலங்களிலிருந்தும் அடியார்கள் திரள்வர். மாசிமகம் கடலாடும் விழா. தமிழகத்தின் கிழக்குக் கரையோரம் எங்கும் தொன்றுதொட்டு நடைபெறுவது. கடலைவிட்டு உள்நாட்டில் குடியேறிய மக்கள் ஆண்டுக்கொரு முறையேனும் கடல்நீரைத் தொடும் வாய்ப்பை இவ்விழாவே வழங்கிற்று.

இவ்விழாப் பயணம் நடந்த முறை தமிழாசிரியர்களும் மாணவர்களும் அறிந்து பதிவுசெய்யத் தக்கது. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கும், ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்துக்கும் செல்வதுபோலவே, தொழிலாளர் பணம் சேர்த்து லோரி பேசினர். பலகை இட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, முதியோரை முன்புறம் அமர்த்தி, இளைஞர் பின்புறம் நின்றபடி இரவோடிரவாகப் புறப்பட்டனர். பேருந்து வசதி பெருகியபின் சிலர் ஈப்போவுக்கு வந்து அங்கிருந்து லூமுட் பஸ் பிடித்தனர். லூமுட் துறையிலிருந்து படகேறித் தீவை அடைந்தனர். கட்டுச்சோறு, பால்குடம், குழந்தை, பாய் ஆகிய நான்கும் இப்பயணத்தில் ஒன்றையொன்று பிரியா. படகில் ஏறும்போது அஞ்சிய மூதாட்டியர் பலர், தாம் கப்பலில் வந்த நாளை அப்போதுதான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினர் என்பர்.

தாயகத்திலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. இராமேசுவரத்திற்கு 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை அடியார்கள் படகிலேயே கடலைக் கடந்தனர். 1964 திசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாலமும் சிதைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. சாலைப்பாலம் 1988இல்தான் வந்தது. 2025 ஏப்பிரலில் புதிய இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டுள்ளது. அங்கே வழிபாட்டை நோக்கிப் புகைவண்டியே தீவுக்குள் சென்றது. பங்கோருக்கோ தண்டவாளமும் வரவில்லை, பாலமும் வரவில்லை. மக்களின் பற்று ஒன்றே படகை நிரப்பிற்று.

சட்டம் தந்த ஓய்வு, சாலை தந்த வேகம்

வழிபாட்டுப் பயணம் விடுமுறைப் பயணமாக வளர்வதற்கு மூன்று மாற்றங்கள் வேண்டியிருந்தன. முதலாவது தொழிலாளர் சட்டம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வார ஓய்வு நாளையும் சம்பளத்தோடு கூடிய பொது விடுமுறைகளையும் உறுதிசெய்தது. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகவும் பணிநிலைகளுக்காகவும் ஓயாது பேச்சு நடத்திற்று. ஒரு நாள் வேலைக்குச் செல்லாமல் இருந்தும் கூலி பெறலாம் என்ற நிலை, எந்தப் புதிய சாலையைக் காட்டிலும் கரையை அருகே கொணர்ந்தது எனலாம்.

இரண்டாவது சாலை. விடுதலைக்குப்பின் சாலைப்பணிகள் விரைவு பெற்றன. 1960களில் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக விளங்கியவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் என்பது பேராக் தமிழர்க்குப் பெருமை தரும் செய்தி. சடக்குப் போட்ட கூலிகளின் சமூகத்திலிருந்து சாலைகளின் அமைச்சர் ஒருவர் தோன்றினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட வேளையில் தொழிலாளரே தோட்டத்தின் உடைமையாளராக வேண்டுமென்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவரும் அவரே. ஆற்றின்மீது பாலங்கள் எழுந்தன. ஈப்போவிலிருந்து போத்தா, சித்தியவான் வழியாக லூமுட் செல்லும் சாலை அகன்றது. 1980களில் லூமுட்டில் கடற்படைத் தளம் நிலைபெற்றபின் அவ்வழி மேலும் முக்கியம் அடைந்தது. 1994இல் நிறைவுற்ற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை தலைநகரையும் ஈப்போவையும் நெருக்கிற்று.

மூன்றாவது, சொந்த வண்டி. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலைக்குச் சென்ற தலைமுறை முதலில் மோட்டார் சைக்கிளும், பின்னர் காரும் வாங்கிற்று. லோரியில் ஐம்பது பேர் ஒன்றாய்ச் சென்ற பயணம், காரில் ஐவர் செல்லும் பயணமாக மாறியது.

இன்றைய வழிகள்

இன்று ஈப்போவிலிருந்து கரைக்குச் செல்வோர்க்கு வழிகள் பல உள. விரைவுப் பேருந்துகளுக்கு மேரு ராயாவில் அமான்ஜெயா நிலையம் உள்ளது. தலைநகரிலிருந்து வருவோர் 2010இல் தொடங்கிய மின்தொடர்வண்டியில் ஈப்போவரை வந்து, ஹப்பேக் வரைந்த அந்த வெண்ணிற நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சாலைவழியே செல்லலாம். புகைவண்டி அதற்கப்பால் அன்றுபோல் இன்றும் செல்வதில்லை. லூமுட் துறையிலிருந்து பெரியில் சென்றால் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் தீவை அடையலாம். கடலில் மண்ணிட்டு உண்டாக்கிய மரினா தீவுத் துறையிலிருந்து சென்றால் பயணம் இன்னும் குறுகியது. தீவிற்குள் இளஞ்சிவப்பு நிற வேன்கள் வாடகைக்கு ஓடுகின்றன. பங்கோரில் சிறு விமானத்தளமும் உண்டு. அங்கே விமானச் சேவை சில காலம் நடப்பதும் சில காலம் நிற்பதுமாக இருந்து வந்துள்ளது. 2020 சனவரி முதல் நாள் தீவு தீர்வையில்லாப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு வசதிகளும் வரவேற்கத் தக்கவை. எனினும் வரலாறு பயில்வோன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: வழி எளிதான அந்நாளில் அவ்வழியில் ஒன்றாகச் சென்ற சமூகம் என்னவாயிற்று?

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. மக்கள் புந்தோங்கிலும் சிலிபினிலும், சிம்மோர் பக்கத்துக் குடியிருப்புகளிலும், கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளிலும் சிதறினர். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி சில இடங்களில் மாணவர் குறைந்து வாடுகிறது. சில இடங்களில் தோட்டமே மறைந்தபின்னும் பள்ளியின் பெயரில் மட்டும் அத்தோட்டம் வாழ்கிறது. சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளிலும், கடல்நடுவே பங்கோரில் இயங்கும் தமிழ்ப்பள்ளியிலும் பணிபுரியும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். பெருநிலத்தில் வாழும் ஆசிரியர்க்கு அத்தீவுப் பள்ளிக்குரிய சாலை கடலே என்பதையும் மறத்தலாகாது.

சிதறியோர் மீண்டும் ஒருவரையொருவர் காணும் இடங்கள் சிலவே. மாசிமகத்தில் பங்கோர்க் கரை அவற்றுள் ஒன்று. பழைய தோட்டத்து அண்டைவீட்டார் ‘நீங்கள் இன்ன தோட்டத்து ஆள் அல்லவா?’ என்று வினவி, இறந்தோரையும் பிறந்தோரையும் பற்றி உசாவி, பிள்ளைகளை அறிமுகம் செய்துகொள்வது அங்கேதான். தோட்டம் இருந்தவரை கடற்கரை தொலைவில் இருந்தது. தோட்டம் போனபின் அத்தோட்டத்தையே காணவேண்டுமாயின் கடற்கரைக்குத்தான் போகவேண்டியுள்ளது. வரலாறு இவ்வாறு தலைகீழாகத் திரும்புவதும் உண்டு.

எழுதப்படாத ஏடுகள்

போர்ட் வெல்டு பாதையைப் பற்றி நூல்கள் உள. பங்கோர் உடன்படிக்கையின் வாசகம் கிடைக்கிறது. ஈய ஏற்றுமதிக் கணக்குகள் ஆவணக் காப்பகங்களில் அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் எந்தத் தோட்டத்து மக்கள் எந்த ஆண்டில் முதன்முறை லோரி பேசிப் பங்கோர் சென்றனர், ஆளுக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தனர், ஆற்றை எந்தத் துறையில் கடந்தனர், கிராணியிடம் விடுப்பு எவ்வாறு கேட்டனர் என்பவற்றை எந்த ஆவணமும் கூறாது. அவை முதியோர் நினைவில் மட்டுமே உள. அந்நினைவுகளுக்குக் காப்பகம் இல்லை. ஆண்டுதோறும் அவற்றுள் சில சுடலைக்குச் சென்று சேர்கின்றன.

தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு ‘நான் சென்ற விடுமுறைச் சுற்றுலா’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது நம் வழக்கம். அத்துடன் ‘என் பாட்டி கடற்கரைக்குச் சென்ற வழி’ என்னும் தலைப்பையும் ஆசிரியர்கள் கொடுப்பாராயின் பெரும்பயன் விளையும். மாணவன் வீட்டில் உள்ள பெரியவரிடம் ஊர், தோட்டம், ஆண்டு, வண்டி, கட்டணம், உடன்சென்றோர் ஆகிய ஆறு செய்திகளைக் கேட்டு எழுதட்டும். ஆண்டு நினைவில்லையெனில், மூத்த பிள்ளை பிறந்ததற்கு முன்னா பின்னா என்று கேட்கட்டும். பள்ளிதோறும் இவ்வேடுகளைத் தொகுத்து வைத்தால், இருபது ஆண்டுகளுக்குப்பின் வரும் ஆய்வாளர்க்கு அவையே மூலச்சான்றாகும். கட்டுரைப் பயிற்சிக்குக் கட்டுரைப் பயிற்சியும் ஆயிற்று. வரலாற்றுக்கு வரலாறும் ஆயிற்று.

தண்டவாளம் பதித்தவர்கள், சடக்குப் போட்டவர்கள், பால்மரம் சீவியவர்கள் ஆகியோரின் பயணங்கள் இந்நாட்டின் போக்குவரத்து வரலாற்றில் ஓர் இயலாக அமையவேண்டும். அவ்வியலை எழுதுதற்குரிய மொழி தமிழ்; எழுதுதற்குரிய கைகள் இன்று நம் வகுப்பறையில் அமர்ந்துள்ளன.